மூணு லட்ச ரூபாய் அரிவாள்

போரெல்லாம் முடிந்து முருகனின் கோபம் தணிந்த இடம் திருத்தணி. 'தணிகை' என்ற பெயரே அதனால்தான் வந்தது என்று தல புராணம் சொல்கிறது. நானும் போன மாசம் 365 படி ஏறி, மூச்சு வாங்க நின்று, கும்பிட்டுவிட்டு இறங்கினேன். ஏறும்போது சாந்தமாகத்தான் இருந்தேன். இறங்கி, ஊருக்கு வெளியே இருக்கிற நண்பனின் தோட்டத்துக்குப் போனேன் பாருங்கள், அங்கேதான் வினை. வந்த கோபம் இதை எழுதுகிற வரைக்கும் தணியவில்லை.

நண்பன் என்னோடு பி.காம். படித்தவன். சென்னையில் தொழில், நல்ல வசதி. மலையடிவாரத்தில் மூணு ஏக்கர் வாங்கி, நடுவில் ஒரு வீடு கட்டி, முன்னால் புல்தரை போட்டிருக்கிறான். சென்னை - திருப்பதி ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியும். ரெண்டு பக்கமும் இப்போது இந்த மாதிரி 'ஃபார்ம் ஹவுஸ்' முளைத்துக்கொண்டே இருக்கிறது. வெள்ளைக் காம்பவுண்ட், பச்சை கேட், உள்ளே எட்டிப் பார்த்தால் பில்லியர்ட்ஸ் டேபிள் மாதிரி புல்.

"வா, ஒண்ணு காட்டறேன்" என்று ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். தார்ப்பாயை விலக்கினான். செக்கச்செவேல் என்று ஒரு வண்டி. சீட் இருக்கிறது, ஸ்டியரிங் இருக்கிறது, ஹெட்லைட்கூட இருக்கிறது. புல் வெட்டுகிற வண்டியாம். ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டே வெட்டலாமாம். விலை மூணு லட்சம்.

"எப்படி ஓடுது?" என்றேன்.

"நாலு மாசமா பஞ்சர்டா" என்றான்.

முன் சக்கரம் ரெண்டும் தரையோடு தரையாக இருந்தது. சீமைக் கருவேல முள். திருவள்ளூர் மாவட்டத்து மண்ணில் அந்த முள் இல்லாத இடத்தைக் காட்டினால் அந்த இடத்துக்குக் கோயிலே கட்டலாம். டிராக்டர் டயரையே குத்துகிற முள், இந்தப் பொம்மை டயரை விடுமா?

சிரித்துவிட்டு வெளியே வந்தேன். அந்தச் சிரிப்பு பத்து நிமிஷம்கூட நிலைக்கவில்லை. மாமரங்களுக்கு நடுவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிரஷ் கட்டர் கிடந்தது. வலது கண்ணில் கட்டு. அந்த மூணு லட்ச ரூபாய் வண்டி நின்றுபோனதால், நிஜமாகப் புல் வெட்டுகிற ஆள் அவர். என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"கல்லு தெறிச்சிச்சு சார். ரெண்டு வாரம் ஆவுது. மங்கலாத்தான் தெரியுது. போவப் போவ சரியாயிடும்னு சொன்னாங்கோ."

"கண்ணாடி போட்டுக்கலையா?"

"இன்னா கண்ணாடி சார்?"

மூணு லட்சத்துக்கு வண்டி வாங்கியவன், நூத்தைம்பது ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி வாங்கவில்லை. நண்பன் கெட்டவன் கிடையாது. ஆஸ்பத்திரி செலவு முழுக்கக் கொடுத்திருக்கிறான், சம்பளத்தையும் பிடிக்கவில்லை. அவனுக்கு அது தோன்றவே இல்லை, அவ்வளவுதான். அந்தத் தோன்றாமையைப் பற்றித்தான் இந்த வாரம்.

நண்பனிடம் கேட்டேன்: "இந்த வண்டியை எப்படிடா தேர்ந்தெடுத்தே?"

கடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்களாம். "எத்தனை ஏக்கர் சார்?" மூணு என்றான். உடனே இந்த வண்டியைக் காட்டிவிட்டார்கள். எத்தனை ஏக்கர் என்று கேட்டவர்கள், என்ன புல் என்று கேட்கவில்லை. தரையில் கல் உண்டா, முள் உண்டா, மேடு பள்ளம் எவ்வளவு, யார் ஓட்டப்போகிறார்கள், வெட்டின புல்லை என்ன செய்யப்போகிறீர்கள்... எதுவும் கேட்கவில்லை. கடைக்காரர் ஏன் கேட்கப்போகிறார்? அவருக்கு வண்டி விற்றால் போதும். கேட்டிருக்க வேண்டியது நாம். புடவைக் கடையில் எழுபது புடவையைப் பிரித்துப்போடச் சொல்லுகிற நாம்தான், மிஷின் கடைக்குப் போனால் மட்டும் வாயைத் திறப்பதில்லை.

இந்த மிஷின் யாருக்காகப் பிறந்தது என்று கொஞ்சம் பார்ப்போம். 1830-ல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் முதல் புல்வெட்டி இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் இருந்த ஊர் கம்பளித் துணி ஆலைகள் நிறைந்த ஊர். நெய்த துணியின் மேலே நிற்கிற பிசிறை ஒரே மட்டமாக வெட்டுகிற இயந்திரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது. பொதட்டூர்பேட்டை நெசவாளிகள் படித்தால் சந்தோஷப்படுவார்கள், புல்வெட்டி மிஷின் தறிக்கு ஒரு விதத்தில் சொந்தக்காரன்! ஆனால் கவனியுங்கள். வருஷம் முழுக்கத் தூறுகிற ஊர். முள் இல்லாத, கல் பொறுக்கிய தரை. துணி மாதிரி விரித்துப் போட்ட புல். அந்த ஊருக்கு அந்த மிஷின் சரி. நம்ம ஊரில் வெயில் நாலு மாசம் புல்லைக் கருக்குகிறது, அப்புறம் மழை வந்தால் ஒரே வாரத்தில் முழங்கால் உயரம் வளர்க்கிறது.

அதனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் புல் பார்ப்பதற்கா, தின்பதற்கா, இல்லை பாம்பு வராமல் இருப்பதற்கா என்பதுதான். மூணுக்கும் மூணு கருவி.

பார்ப்பதற்கு என்றால், வீட்டு முன்னால் போட்ட புல்தரை. நண்பனின் புல்தரையை நடந்து அளந்தேன். பத்து சென்ட். மூணு ஏக்கர் என்று கடையில் பெருமையாகச் சொன்னானே, அதில் நிஜமான 'லான்' பத்தே சென்ட்! அதற்கு, கையால் தள்ளுகிற 21 அங்குல ரோட்டரி மிஷின் போதும். சாதாரண நடையில் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பாட்டரியில் ஓடுகிறதும் வந்துவிட்டது. சத்தம் குறைவு, புகை இல்லை. சின்ன இடத்துக்கு நன்றாகவே இருக்கிறது.

உருளை மாதிரி சுற்றுகிற 'ரீல்' மிஷினும் உண்டு. கத்தரிக்கோல் மாதிரி, சுற்றுகிற கத்தியும் நிற்கிற கத்தியும் உரசி நறுக்கும். கிரிக்கெட் மைதானத்துக்கும் கோல்ஃபுக்கும் அதுதான் அழகு. ஆனால் ஒரு கூழாங்கல் மாட்டினால் கத்தி போச்சு, புல் உயர்ந்துவிட்டால் மடக்கிப் படுக்கவைத்துவிட்டுப் போய்விடும். மலையடிவாரத்துக் கல்லாங்காட்டில் அது ஒரு வாரம் தாங்காது.

இன்னொரு விஷயம். எந்த மிஷினாக இருந்தாலும், ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது. 'ஒரேயடியா ஒட்ட வெட்டிட்டா ரெண்டு மாசத்துக்குக் கவலை இல்லை' என்று முடிவெட்டுகிற கணக்குப் போட்டால் புல் வெளுத்துவிடும். அந்த இடத்தில் கோரை வந்து உட்காரும். கோரையை மேலே வெட்டிப் பிரயோசனம் இல்லை. அதன் உயிர் கிழங்கில் இருக்கிறது.

அப்புறம் புல்லின் ஜாதி. நர்சரியில் 'பெர்முடா கிராஸ்' என்று சதுர அடிக்குக் காசு வாங்கிக்கொண்டு விரித்துவிட்டுப் போனார்களாம். அது வேறு யாருமில்லை சாமி, பிள்ளையாருக்குச் சாத்துகிற நம்ம அருகம்புல் குடும்பம்தான். வெளிநாட்டில் சில கலப்பினங்கள் செய்திருக்கிறார்கள், இலை கொஞ்சம் மெலிசாக இருக்கும். மற்றபடி, வேலிக்கு அந்தப் பக்கம் வரப்பில் இலவசமாக வளருகிற புல்லை, வேலிக்கு இந்தப் பக்கம் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறான் என் நண்பன். மா.பொ.சி.யும் மற்றவர்களும் போராடி, 1960 ஏப்ரலில் ஆந்திராவிலிருந்து மீட்டுச் சேர்த்த மண். அதில் விளைகிற புல்லுக்குக்கூட நமக்கு இங்கிலீஷ் பேர் வேண்டியிருக்கிறது.

சரி, மூணு லட்சத்துக்கு வருவோம். நான் படித்தது பி.காம்., கணக்குப் போடாமல் எனக்குத் தூக்கம் வராது.

மூணு லட்ச ரூபாய் வண்டி. எட்டு வருஷம் ஓடும் என்றே வையுங்கள். வருஷத்துக்குத் தேய்மானம் 37,500. அதே மூணு லட்சத்தை ஏழு பர்சென்ட் வட்டியில் போட்டிருந்தால் வந்திருக்கும் 21,000. பெட்ரோல், பெல்ட், பாட்டரி, கத்தி, சென்னையிலிருந்து சர்வீஸ் ஆள் வந்துபோகிற செலவு எல்லாம் சேர்த்து 15,000. ஆக மொத்தம் 73,500 ரூபாய்.

இந்தப் பக்கத்தில் புல் வெறியோடு வளர்வது மழை மாசங்களில்தான். ஆறு மாசம் என்று வைத்துக்கொண்டால், மாசம் ரெண்டு தடவை வெட்டினால் பன்னிரண்டு தடவை. மூணு ஏக்கரிலும் அந்த வண்டி போகாது. மலைப் பக்கம் சரிவு. பத்து, பதினைந்து டிகிரிக்கு மேல் சரிவு இருந்தால் இந்த வண்டிகளை ஓட்டக்கூடாது, கவிழும் என்று அதைச் செய்தவர்களே புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். மாமரத்துக் கிளைகள் தாழ்ந்து கிடக்கிற இடத்தில் ஓட்டுகிறவர் தலை தட்டும். ஆக, வண்டி நிஜமாகப் போகிற இடம் ஒரு ஏக்கர். 42 அங்குல அகலத்தில் வெட்டுகிற வண்டிக்கு ஒரு ஏக்கர் என்பது முக்கால் மணி, மிஞ்சினால் ஐம்பது நிமிஷ வேலை. பன்னிரண்டு தடவைக்குப் பத்து மணி நேரம்.

வருஷத்துக்குப் பத்தே மணி நேரம்! அதாவது ஒரு மணி நேரத்துக்கு 7,350 ரூபாய். இந்தக் காசுக்குச் சென்னையில் ஒரு நல்ல ஆடிட்டரே வந்து உங்கள் வீட்டில் புல் வெட்டுவார்.

இத்தனைக்கும் மிச்சம் ரெண்டு ஏக்கருக்கு பிரஷ் கட்டரும் ஆளும் தனியாக வேண்டும். அந்தச் செலவு இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

சரி, முழு மூணு ஏக்கருக்கும் பிரஷ் கட்டர் என்று போட்டுப் பாருங்கள். நல்ல மிஷின் 25,000. அஞ்சு வருஷம் என்றால் வருஷத்துக்கு 5,000. வட்டி 1,750. பெட்ரோல், ஆயில், கத்தி, நரம்பு 10,000. ஒரு ஆள் ஒரு நாளைக்கு ஒரு ஏக்கர் வீதம், மாசம் மூணு நாள், ஆறு மாசத்துக்குப் பதினெட்டு நாள். கூலி ஆயிரம் என்றால் 18,000. கூட்டினால் 34,750. பாதிக்கும் குறைவு. அதில் பாதிக்கு மேல் திருத்தணி ஊர் ஆளின் வீட்டுக்குப் போகிற கூலி. பத்து சென்ட் லானுக்கு ஒரு சின்னத் தள்ளுவண்டி வாங்கினாலும் கணக்கு உதைக்காது.

உடனே ஒரு கடிதம் வரும், எனக்குத் தெரியும். 'எங்க காசு, எங்க புல்லு, உனக்கென்ன?' நியாயம்தான் சார். நீங்கள் ஹெலிகாப்டர் வாங்கிப் புல்லை ஊதித் தள்ளினாலும் நான் கேட்கமாட்டேன். ஆனால் ரெண்டு விஷயம் உங்கள் காம்பவுண்டுக்குள் அடங்காது. ஒன்று, வேலிக்கு வெளியே நிற்கிற மாடு. இன்னொன்று, வேலிக்கு உள்ளே வேலை செய்கிறவரின் கண்.

மாட்டை முதலில் பார்ப்போம்.

அந்தத் தோட்டம் காம்பவுண்ட் போடுவதற்கு முன்னால் கரம்பாகக் கிடந்ததாம். பக்கத்து ஊர்ப் பெண்கள் அரிவாளோடு வந்து, சும்மாட்டுத் துணி விரித்து, ஆளுக்கொரு கட்டுப் புல் அறுத்துக்கொண்டு போவார்களாம். இப்போது கேட்டில் பூட்டு. உள்ளே வெட்டுகிற புல் மூலையில் குவிந்து கிடந்து, காய்ந்ததும் கொளுத்துகிறார்கள். ஒரு கறவை மாட்டுக்கு நாளைக்கு 25, 30 கிலோ பசும்புல் வேண்டும். வேலிக்கு வெளியே ஒருத்தி கரும்புத் தோகைக்கும் வைக்கோலுக்கும் காசு கொடுத்து அலைகிறாள். உள்ளே நெருப்பு வைக்கிறோம்.

நண்பன் சொன்னான்: "நானும் எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னேன்டா. வந்து பார்த்துட்டு, மாடு தின்னாதுன்னு போயிட்டாங்க."

ஏன் தின்னாது? இங்கேதான் கத்தி வருகிறது. பிரஷ் கட்டரில் எப்போதும் நைலான் நரம்பு மாட்டி வைத்திருக்கிறார்கள். நரம்பு புல்லை அறுக்காது, அடித்துச் சிதைக்கும். புல் கூழாகி, மண்ணும் மணலும் கல்பொடியும் கலந்து, கசங்கின கீரை மாதிரி விழும். அதை எந்த மாடு தின்னும்? அதே மிஷினில் நரம்பைக் கழற்றிவிட்டு, ரம்பம் மாதிரி பல் உள்ள வட்டக் கத்தியை மாட்டுங்கள். புல் அடியில் ஒரே வெட்டாக அறுந்து, இடது பக்கம் சாயும். பக்கவாட்டில் ஒரு தகடு மாட்டி நெல் அறுக்கிறவர்களே இருக்கிறார்கள். அள்ளிக் கட்டவேண்டியதுதான் பாக்கி. பெரிய இடம் என்றால், முடிதிருத்துகிற மிஷின் மாதிரி பற்கள் முன்னும் பின்னும் ஓடுகிற 'ரெசிப்ரோகேட்டிங் மோவர்' இருக்கிறது. தீவனப் புல்லுக்கு அதுதான் சரியான கருவி. புல்லை முழுசாக வரிசையில் படுக்கப்போடும். பவர் டில்லரிலும் டிராக்டரிலும் மாட்டலாம். டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற 'சிலாஷர்', 'ஃபிளெய்ல்' எல்லாம் புதரை நொறுக்கி மண்ணிலேயே போடுகிற ஜாதி. மாந்தோப்பில் களையை மூடாக்காகப் போட நல்லது, மாட்டுக்கு ஆகாது.

ஒரே ஒரு கத்தி மாற்றம்! குப்பை தீவனமாகிவிடுகிறது. இதைக் கடையில் யாராவது சொன்னார்களா?

வெட்டின புல்லைக் கொடுக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். பச்சையாகக் குவித்து வைத்தால் உள்ளே சூடேறி, பூஞ்சை பிடித்து, மாட்டுக்கு வயிறு கெடும். களைக்கொல்லி அடித்த புல்லைக் கொடுக்கவே கூடாது. முக்கியமாக அரளி. இந்தப் பண்ணை வீட்டுக்காரர்கள் எல்லோரும் பூ அழகாக இருக்கிறதே என்று வேலியோரம் அரளி வைக்கிறார்கள். அந்த இலை கொஞ்சம் புல்லோடு கலந்து போனால் மாடு செத்தே போகும். அரளி பக்கத்தில் வெட்டுகிற புல்லைத் தனியாகப் போட்டுவிடுங்கள்.

மிஷினே இல்லாமல் புல்லைப் பராமரிக்கிற வித்தையை நம்ம ஆட்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். காங்கேயம், தாராபுரம் பக்கம் போயிருக்கிறீர்களா? 'கொரங்காடு' என்பார்கள். மேய்ச்சல் காட்டைச் சில ஏக்கர் துண்டுகளாகப் பிரித்து, முள்கிளுவையை உயிர்வேலியாக வைத்து, உள்ளே கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமும் வளரவிடுகிறார்கள். ஒரு துண்டில் மாடு மேய்ந்தால் அடுத்த துண்டு ஓய்வெடுக்கும். காங்கேயம் காளை அங்கே மேய்ந்து வளர்ந்ததுதான். வெளிநாட்டில் 'பேடக்' என்று கம்பி கட்டி, அதில் அளவாக மேயவிட வேண்டும் என்று பாடம் நடத்துகிறார்களே, அதை முள்கிளுவைக்குள் நடத்திக் காட்டியவர்கள் நம்ம கொங்கு விவசாயிகள். அங்கே புல்வெட்டும் வண்டியின் பெயர் மாடு. அது தானே வெட்டும், தானே உரம் போடும், பால் வேறு கொடுக்கும்.

திருத்தணியில் கொரங்காடு இல்லை. ஆனால் செம்மறி இருக்கிறது. 'மெட்ராஸ் ரெட்' என்கிற செம்மறி இனமே இந்த வட்டாரத்துக்குச் சொந்தம். மாமரம் வளர்ந்து கிளை உயர்ந்துவிட்ட தோப்பில் மாசத்துக்கு ரெண்டு நாள் செம்மறியை விட்டால் புல்லை ஒட்ட மேய்ந்துவிடும். ராத்திரி கிடை கட்டினால் எருவும் மிச்சம். (வெள்ளாட்டை விட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள். அது புல்லை விட்டுவிட்டு மாங்கன்றைத்தான் கடிக்கும்!) இது பட்டிக்காட்டு யோசனை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். முதல் உலகப் போர் சமயத்தில், 1918-ல், அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் செம்மறி ஆடுகளை மேயவிட்டார். அந்தக் கம்பளியை ஏலம் விட்டு ஐம்பதாயிரம் டாலருக்கு மேல் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். வெள்ளை மாளிகைக்கு ஆகும், நம்ம வெள்ளைக் காம்பவுண்டுக்கு ஆகாதா?

'ஆள் கிடைக்கலை சார்' என்பது அடுத்த பல்லவி. அதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. குனிந்து குனிந்து அரிவாளால் அறுத்து முதுகு ஒடிந்தவர்களைப் பார்த்தவன் நான். மிஷினே வேண்டாம், அரிவாள்தான் புனிதம் என்று கவிதை பாடுகிற கோஷ்டியில் நான் இல்லை. பிரஷ் கட்டர் வந்தது நல்லதுதான். ஒரு ஆள் நிமிர்ந்து நின்று ஒரு நாளில் ஒரு ஏக்கர் முடிக்கிறார். மத்திய அரசு, மாநில அரசு சேர்ந்து வேளாண் கருவிகளுக்குக் கொடுத்த மானியம் பொதுவாக 40 சதவீதம், சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் 50 சதவீதம் என்று இருந்து, பிரஷ் கட்டரும் அந்தப் பட்டியலில் வந்தது. வேளாண் பொறியியல் துறை டிராக்டரும் கருவியும் வாடகைக்கே விடுகிறது. வருஷத்தில் பத்து மணி நேர வேலைக்குச் சொந்த வண்டி எதற்கு என்ற கேள்விக்கு பதில் அந்த ஆபீஸில்தான் இருக்கிறது.

ஆனால் மானியம் கிடைக்கிறதே என்று வாங்கி, ஓட்டத் தெரியாதவர் கையில் கொடுப்பது பாவம். அதுதான் எனக்குக் கோபம் வந்த இடம்.

ரோட்டரி மிஷினின் கத்தி நுனி என்ன வேகத்தில் போகிறது தெரியுமா? அமெரிக்கத் தரவிதி அதற்கு வைத்திருக்கிற உச்சவரம்பு நிமிஷத்துக்கு 19,000 அடி. நம்ம பாஷையில் சொன்னால் மணிக்குச் சுமார் 350 கிலோமீட்டர். அந்த வேகத்தில் போகிற கத்தி ஒரு ஜல்லிக்கல்லைத் தட்டினால் அந்தக் கல் எதுவாக மாறும் என்று யோசியுங்கள். அதனால்தான், தள்ளுகிற மிஷினின் கைப்பிடியை விட்டால் மூணு செகண்டுக்குள் கத்தி நின்றாக வேண்டும் என்று அந்த ஊரில் 1982-ல் சட்டமே கொண்டுவந்தார்கள். நம்ம ஊரில் அந்தக் கைப்பிடியை, 'அடிக்கடி நின்னுடுது சார்' என்று கயிறு போட்டுக் கட்டிவைக்கிறார்கள். கண்ணால் பார்த்தேன்.

பிரஷ் கட்டர் ஓட்டுகிறவரைச் சுற்றி 15 மீட்டருக்குள் யாரும் நிற்கக்கூடாது. கத்திக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் மறைப்பு இருக்கும், அதைக் கழற்றவே கூடாது. நண்பன் தோட்டத்து மிஷினில் அது இல்லை. "புல்லு மாட்டுதுன்னு கழட்டிட்டோம் சார்." கத்தி வட்டத்தை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொண்டால், 12-க்கும் 3-க்கும் நடுவில் இருக்கிற பக்கம் கல்லிலோ கட்டையிலோ பட்டால் மிஷின் ஓட்டுகிறவரின் பக்கமாக எகிறும். வலமிருந்து இடமாக வீசி, இடது பக்கத்தால் வெட்ட வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க அஞ்சு நிமிஷம் ஆகும். டூ-ஸ்ட்ரோக் மிஷினுக்கு லிட்டருக்கு எத்தனை மில்லி ஆயில் கலக்க வேண்டும், 20-ஆ 40-ஆ என்பது ஆயிலையும் மிஷினையும் பொறுத்தது. அதை மட்டும் எல்லோரும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். ஏனென்றால் ஆயில் இல்லாவிட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், செலவு நமக்கு. கண் போனால்?

வெட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை நடந்து கல்லையும் கம்பியையும் பாட்டிலையும் பொறுக்க வேண்டும். கண்ணாடி, முகத்துக்கு வலை, காதுக்கு அடைப்பான், காலுக்கு பூட்ஸ், தொடைக்கும் முழங்காலுக்கும் கனத்த துணி. எல்லாம் சேர்த்து ரெண்டாயிரம் ரூபாய் ஆகுமா? அந்த மூணு லட்ச வண்டியின் ஹெட்லைட் விலைகூட இருக்காது. அதற்கு எதற்கு ஹெட்லைட் என்று இன்னமும் எனக்குப் புரியவில்லை. ராத்திரியில் எவன் புல் வெட்டுவான்?

பள்ளிக்கூட மைதானம், ஆபீஸ் வளாகம், கோயில் நந்தவனம் என்று எங்கே பார்த்தாலும் இதே காட்சிதான். செருப்புக் காலோடு, லுங்கியை மடித்துக் கட்டி, கண்ணில் ஒன்றும் இல்லாமல் ஒருவர் சுற்றிக்கொண்டிருப்பார். பக்கத்தில் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். நாமும் ஒரு செகண்ட் நின்று பார்த்துவிட்டுப் போகிறோம். நானும்தான் இத்தனை வருஷமாகப் போயிருக்கிறேன்.

அன்றைக்கு சாயங்காலம் நண்பனோடு திருத்தணி பஜாருக்குப் போனேன். ஹார்டுவேர் கடையில் கண்ணாடி ரெண்டு ஜோடியும், பல் வைத்த வட்டக் கத்தி ஒன்றும் வாங்கினான். பிளாஸ்டிக் மறைப்பு அந்தக் கடையில் இல்லை, சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றார்கள். வரும்வரைக்கும் மிஷினைத் தொடக்கூடாது என்று தோட்டத்தில் சொல்லிவிட்டு வந்தோம். மனுஷன் ஒரு கண்ணால் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதுவரிக்கும் கூலி உண்டா சார்?" என்றார்.

"உண்டுண்ணா" என்றான் நண்பன். நாலு வருஷப் பழக்கத்தில் அவரை அவன் 'அண்ணா' என்று கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வண்டியை விற்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறான். பஞ்சரைச் சொல்லியே விற்கச் சொல்லியிருக்கிறேன்.